பெரியப்பாவின் மொரிஸ் மைனரும் காலடியிலிருந்து வந்த பெற்றோல் மணமும்

பெரியம்மா காரில் ஏறுவதை நிறுத்தி இரண்டு கிழமை ஆகிவிட்டது என்ற செய்தி 2023 ஒக்ரோபர் தொடக்கத்தில்தான் எனக்கு வந்தது. நல்லூருக்குப் போகவும் ஓட்டோ பிடிக்கிறாராம். போனில் கேட்டேன். "உந்தப் பெற்றோல் பீப்பாக்குள்ள இருந்து நான் ஒரு இடமும் வரமாட்டன். சீலை முழுக்க மணக்குது" என்றார். பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது: "பழைய கார் எண்டா மணக்கத்தான் செய்யும்."

கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 948 சிசி இயந்திரம், 1 ஸ்ரீ இலக்கத்தகடு. பெரியப்பா 1978இல் வாங்கியது. அன்றிலிருந்து வேறு கார் வீட்டுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் மைனர் வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால் மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: காரைப் பற்றிக் குறை சொன்னால் அன்று சாப்பாடு கிடைக்காது.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. தண்ணீர்ப் பம்பும் ஜெனரேற்றரும் திருத்துகிறவன். பழைய கார்கள் மேல் விருப்பம் உண்டு. கூட வந்தவர் கோப்பாய்ப் பக்கத்தில் நாற்பது வருடமாக மைனரும் ஒஸ்ரினும் பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணை. அவருடைய பொறுமையில் பாதி எனக்கு இருந்திருந்தால் இந்த வேலை ஒரே தடவையில் முடிந்திருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்களுக்கு முன்பே கார் ஒரு கராஜுக்குப் போய் வந்திருந்தது. அங்கே பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கிற காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, ஊசியும் பக்கிங்குகளும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பெற்றோல் பம்பையும் கழற்றி, உள்ளே இருந்த சவ்வை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். செய்த வேலை சுத்தம், நான் பார்த்தேன். ஆனால் மணம் எப்போது வருகிறது என்று ஒருவரும் பெரியப்பாவிடம் கேட்கவில்லை. பெற்றோல் மணம் என்றால் காபரேற்றர் என்று முடிவெடுத்துவிட்டார்கள். காசு போனது, மணம் போகவில்லை.

அதனால் முதல் நாள் ஸ்பனர் பெட்டியைத் திறக்கவே இல்லை. திண்ணையில் இருந்து கேள்வி மட்டும் கேட்டோம். எப்போதிருந்து மணக்கிறது? ஓடும்போதா, நிற்கும்போதா? வெயிலில் கூடுகிறதா? தாங்கி நிறைந்திருக்கும்போதா, அடியில் கிடக்கும்போதா? முன்சீற்றிலா, பின்சீற்றிலா? பெரியப்பா எல்லாவற்றுக்கும் "எப்பவும்தான்" என்றார். பெரியம்மாதான் ஒழுங்காகப் பதில் சொன்னார். பெற்றோல் அடித்து வந்த அன்றும் மறுநாளும் தாங்க முடியாது. கிழமைக் கடைசியில் குறையும். காலையில் கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும். அப்புறம் ஒன்றும் சொன்னார்: "ஓடேக்க காலடியிலயும் மணக்குது."

இந்தக் கடைசி வசனத்தை நான் கொப்பியில் எழுதினேன். எழுதியதோடு சரி.

மூக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோல் மணத்துக்குள் சில நிமிடம் இருந்தால் மூக்கு பழகிவிடும். பிறகு மணம் இல்லை என்று சத்தியம் செய்வீர்கள். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான், எங்களுக்கும் அரை மணித்தியாலத்தில் நடந்தது. ஆகவே தேடுகிறவன் மூக்கை நம்பக் கூடாது. வெளியில் நல்ல காற்றில் நின்று, அப்போதுதான் வந்து மணக்கிற ஒருவர் வேண்டும். இந்த வேலைக்கு பெரியம்மாவை நியமித்தோம். அவருக்கும் அதில் விருப்பம்தான்.

மைனரில் பெற்றோல் போகிற வழி எளிமையானது. தாங்கி டிக்கியின் தளத்துக்குக் கீழே. இந்த மொடலில் ஆறரை கலன், கிட்டத்தட்ட 29.5 லீற்றர். ஸ்பெயர் வீலைத் தூக்கினால் தாங்கியின் மேல்தகடு தெரியும். அதில்தான் பெற்றோல் அளவு காட்டுகிற மிதவை இறங்கியிருக்கிறது, வட்டத் தகடு ஒன்றில், ஆறு ஸ்குரூ, அடியில் ஒரு கோர்க் பக்கிங். தாங்கியிலிருந்து ஒரு செப்புக் குழாய் காரின் அடிவயிற்றால் முன்னே போகும். முன்னே, பொனற்றுக்குள், பின்சுவரில் எஸ்யூ கொம்பனியின் மின்பம்பு. அது தாங்கியிலிருந்து உறிஞ்சிக் காபரேற்றருக்குத் தள்ளும். இதில் கவனிக்க வேண்டியது: பம்பு வரைக்கும் உள்ள நீளக் குழாய் முழுதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது காற்றுத்தான் உள்ளே போகும், பெற்றோல் வெளியே வராது. பம்பைத் தாண்டிய அந்த ஒன்றரை அடி மட்டுந்தான் அமுக்கத்தில் இருக்கும் பக்கம். ஓடும்போது மட்டும் மணம் என்றால் அங்கே பார்க்க வேண்டும். நின்றாலும் மணம் என்றால் தாங்கிப் பக்கம்.

டிக்கிக்கும் பின்சீற்றுக்கும் நடுவில் காற்றை மறிக்கிற ஒழுங்கான சுவர் கிடையாது. தாங்கியின் தலையில் கசிகிற ஆவி நேரே சீற்றுக்கு வரும்.

பெரியம்மாவின் பதிலில் தாங்கி நிறைந்த நாட்கள் என்பது என்னைப் பிடித்துக்கொண்டது. மணம் தொடங்கியது செப்ரெம்பரில். அதற்கு முன் ஏன் மணக்கவில்லை? பெரியப்பாவின் பேர்சில் இருந்த கசங்கிய பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் அட்டையைக் கண்டவுடன் விளங்கியது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கார் மூன்று மாதம் அசையாமல் நின்றது. பிறகு கியூஆர் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பின்னாளில் அளவைக் கூட்டினார்கள்தான், ஆனால் பெரியப்பா பத்துப் பத்து லீற்றராகவே அடித்துப் பழகிவிட்டார். 2023 செப்ரெம்பரில் கியூஆரை நிறுத்தினார்கள். அன்றைக்கே போய் வாய்வரை நிரப்பிக்கொண்டு வந்தார், வரிசையில் நின்று வெறுத்துப்போன எல்லாரையும்போல. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தத் தாங்கியின் மேல்பகுதியைப் பெற்றோல் தொட்டதே இல்லை. அந்தக் காலத்தில் கோர்க் காய்ந்து சுருங்கிவிட்டது.

நிரப்புவதில் இன்னொரு கணக்கும் உண்டு. பெற்றோல் வெப்பத்தில் விரியும். 29 லீற்றர் பெற்றோல் பத்துப் பாகை சூடேறினால் கிட்டத்தட்ட கால் லீற்றருக்கு மேல் கூடும். விடியற்காலையில், நிலத்தடித் தாங்கியின் குளிர்ச்சியோடு வாய்வரை அடித்து, பத்து மணி வெயிலில் கோயில் வீதியில் நிறுத்தினால் அந்தக் கால் லீற்றர் எங்கே போகும்? மூடியில் ஊசித்துளை போன்ற ஒரு காற்றுத்துளை உண்டு. பெரியப்பா மூடியைக் கிழமைக்கொருக்கால் பொலிஷ் போட்டு மினுக்கியதில் அந்தத் துளை மெழுகால் அடைபட்டுக் கிடந்தது. மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று சீறியது. ஆக, தாங்கிக்குள் அமுக்கம், தலையில் காய்ந்த பக்கிங். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நினைத்தால் போதாது, காட்ட வேண்டும் என்றார் அண்ணை. அவருடைய முறை இது. கை துடைக்கிற வெள்ளை ரிஷூவைக் கீலமாகக் கிழித்து ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றினார்: மிதவைத் தகடு, கழுத்துக் குழாய், தாங்கியிலிருந்து குழாய் புறப்படும் நட், பம்பின் இரு பக்கம், காபரேற்றரின் கிண்ணம். மிதவைத் தகட்டைச் சுற்றி முகப்பவுடரும் தூவினார். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். காரை முற்றத்து வெயிலில் விட்டோம். பின்னேரம் ஒவ்வொரு ரிஷூவையும் தனித்தனியாக வெறும் ஜாம் போத்தலில் போட்டு மூடி, இலக்கம் ஒட்டினோம். பெரியம்மா கிணற்றடியில் நின்று வந்து ஒவ்வொன்றாகத் திறந்து மணந்தார். ஒன்றாம் போத்தலில் முகத்தைச் சுளித்துக் கையை நீட்டித் தள்ளிவிட்டார். இரண்டு, மூன்றில் ஒன்றுமில்லை. ஐந்தில், பம்பின் வெளிப்பக்கத்து ரிஷூவில், "கொஞ்சம் மணக்குது" என்றார். பொனற்றுக்குள் எல்லாமே கொஞ்சம் மணக்கும் என்று நான் சொன்னேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் போத்தலை எடுத்து மதிலில் தனியாக வைத்தார்.

பவுடரில் தகட்டின் பின்பக்கத்து இரண்டு ஸ்குரூவைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருந்தது.

கழற்றுமுன் செய்தவை. பற்றரி வயரைக் கழற்றினோம், மிதவைக்கு மின்வயர் வருகிறது என்பதால். தாங்கியில் பாதியை வாளிக்கு இறக்கி, மூடுகிற கானுக்கு மாற்றினோம். காரைக் கொட்டிலை விட்டு முற்றத்துக்குத் தள்ளினோம். கராஜுகளில் உள்ள குழி மேல் வைத்துப் பெற்றோல் தாங்கியைத் திறப்பதை நான் கண்டிருக்கிறேன். செய்யக்கூடாத வேலை. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம், குழியை நிரப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் ஆவி சேர்ந்தாலே பற்றும். கணக்குப் பார்த்தால், ஒரு சின்னக் காருக்குள் அந்த அளவு சேர ஒரு தேநீர்க் கோப்பைப் பெற்றோல் போதும், தளத்தோடு தேங்கினால் அதைவிடக் குறைவே காணும். பெரியப்பாவின் சுருட்டை வாங்கி வைத்தோம். பெரியம்மா வழக்கம்போல ஐந்தரைக்கு விறாந்தையில் கொளுத்தி வைத்த நுளம்புத்திரியை அண்ணைதான் கண்டார். எனக்கு அது கண்ணில் படவில்லை.

தகட்டைத் தூக்கியபோது இன்னொரு கதை. கோர்க்குக்கு மேலால் யாரோ ஒருகாலத்தில் சிலிக்கன் பூசியிருக்கிறார்கள். சாதாரண சிலிக்கன் பெற்றோலைத் தாங்காது. ஊதி, வழுவழுவென்று, ஊறிய சவ்வரிசிபோல ஆகிக் கையோடு வந்தது. அதற்குக் கீழே கோர்க் மூன்று துண்டு. ஸ்குரூக்களில் நார் வாசர் ஒன்றுகூட இல்லை. அந்தத் துளைகள் தாங்கிக்குள் திறப்பவை. பக்கிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாசர் இல்லாவிட்டால் புரியின் வழியே ஏறிக் கசியும்.

பெற்றோலுக்குத் தாங்கும் றப்பர்க்கோர்க் தகட்டில் புதுப் பக்கிங் வெட்டினோம். ஆறு ஸ்குரூவுக்கும் புது நார் வாசர். இறுக்கும்போது எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் தகடு வளைந்து மறுபக்கம் வாயைத் திறக்கும். மூடியின் துளையை ஊசியால் குத்தித் திறந்தோம். செலவு ஆயிரம் ரூபாவைத் தாண்டவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு வல்லைவெளியைத் தேர்ந்தெடுத்தோம். பருத்தித்துறை வீதியில் காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லாத இடம். தாங்கி நிறைய, பின்யன்னல் இரண்டையும் இறக்கி, முன்யன்னலைச் சாத்தி ஓடினோம். இதற்குக் காரணம் உண்டு. ஓடுகிற காருக்குப் பின்னால் அமுக்கம் குறையும். பின்யன்னல் திறந்திருந்தால் காருக்குள் இருக்கும் காற்று வெளியே இழுபட்டு, அதற்கு ஈடாக டிக்கி வழியாகவும் தளத்து ஓட்டைகள் வழியாகவும் காற்று உள்ளே வரும். மணம் ஒளிந்திருந்தால் அப்படி ஓடும்போது வெளிப்பட்டுவிடும். வரவில்லை. பின்சீற்றில் இருந்த பெரியம்மா "பரவாயில்லை" என்றார். அவருடைய அகராதியில் அது பெரிய பாராட்டு. நான் ஸ்பனர் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவரைப் பின்சீற்றில் இருத்தியதுதான் நான் விட்ட பிழை.

மூன்று கிழமை கழித்து, ஐப்பசி மழை பிடித்த பிறகு, திரும்பவும் போன். "மணக்குது. நான் அண்டைக்கே காலடி எண்டு சொன்னனான்."

இந்தமுறை கேள்விக்குப் பதில்கள் வேறாக இருந்தன. காலையில் கதவைத் திறந்தால் மணம் இல்லை. தாங்கி நிறைந்திருக்கிறதா, வெறுமையா என்பது பொருட்டில்லை. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில், முன்சீற்றில், இடப்பக்கம். நிறுத்திவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். மழைக்கு யன்னல் எல்லாம் சாத்தியிருந்தபடியால்தான் இப்போது நன்றாகத் தெரிகிறது. சோளகக் காலத்தில் முன்யன்னலின் முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடியபோது காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். தவிர, பின்னால் இருந்து வந்த பெரிய மணம் இந்தச் சின்ன மணத்தை விழுங்கியிருந்தது. ஒன்றை நிறுத்தியபின் மற்றது தலையைக் காட்டியது.

அண்ணை வந்து கதவைத் திறந்து, திறப்பைப் போட்டு ஒரு பிடி திருப்பினார். இயந்திரத்தை ஸ்ராட் பண்ணவில்லை. "சத்தம் போடாமல் நில்லுங்கோ" என்றார். எஸ்யூ பம்பு பேசும் பம்பு. திறப்பைத் திருப்பியதும் டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். இயந்திரம் ஓடாதபோது பெற்றோல் எங்கும் செலவாகாது. ஆகவே பம்புக்கு அடிக்க வேலை இல்லை. எங்களுடையது வேகமாக ஒன்பது தரம் அடித்து நின்றது. பிறகு, நான் பேசத் தொடங்கும் நேரம், ஒரு டிக். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி கழித்து இன்னொன்று. இன்னொன்று.

நாற்பது விநாடிக்கொருக்கால் ஏதோ ஒன்று பெற்றோலைக் குடிக்கிறது. காபரேற்றர் வழிந்தால் கிண்ணத்தின் மூடியிலிருந்து வரும் வடிகுழாய் நனைந்திருக்கும். காய்ந்திருந்தது. பெற்றோல் பாயும் சிறு குழலான ஜெற்றின் அடிப்பகுதியில் விரலை வைத்துப் பார்த்தேன், இந்த வகைக் காபரேற்றரில் கோர்க் தேய்ந்து அங்கே சொட்டுவது வழக்கம். அதுவும் காய்ந்திருந்தது. பம்பின் உள் வால்வு ஒழுகிப் பெற்றோல் தாங்கிப் பக்கம் பின்வாங்கினாலும் இப்படி அடிக்கும். அதைப் பிரித்தறிய அண்ணை பம்பின் வெளிவாயிலிலேயே குழாயைக் கழற்றி அடைப்பானைப் போட்டார். டிக் நின்றது. ஐந்து நிமிடம் காத்திருந்தோம், ஒரு சத்தமும் இல்லை. பம்பு நல்லது. அடைப்பானை எடுத்துக் குழாயைப் பூட்டி, இப்போது காபரேற்றர் முனையில் கழற்றி அடைத்தார். டிக்... டிக்...

பம்புக்கும் காபரேற்றருக்கும் நடுவில், ஒன்றரை அடிக்குள். ஐந்தாம் போத்தல் இன்னும் மதிலில் இருந்தது.

அண்ணை ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு பற்றரித் தட்டுக்குப் பின்னால் கையை விட்டார். அந்தக் குழாயின் நடுவில், கறுப்பு ரேப் சுற்றிய ஒரு கட்டி. முதல் நாளே நான் கண்டதுதான், வயர் மூட்டு என்று நினைத்துவிட்டேன். ரேப்பைப் பிரித்தால் பித்தளையில் ரீ வடிவ இணைப்பு. அதன் மூன்றாவது காலில் ஒரு றப்பர் ரியூப். அந்த ரியூப் வயர்க்கட்டோடு சேர்ந்து சுவரில் உள்ள ஓட்டையால் காருக்குள் போகிறது. உள்ளே போய், டாஷ்போட்டுக்குக் கீழே சாமான் வைக்கிற தட்டின் பின்னால், இடப்பக்கம், பெரியம்மாவின் முழங்காலுக்கு நேரே. அங்கே ரியூப்பின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. ரியூப்பை மடக்கிப் பார்த்தேன். மேற்பரப்பு முழுதும் வாய்க்கால் வற்றிய சேறுபோல வெடிப்பு. வெடிப்புகளில் ஈரம்.

பெரியப்பா யன்னலால் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உதை நான் மறந்தே போனன்" என்றார்.

டாஷ்போட்டின் அடியில் எதற்கென்று தெரியாத ஒரு நிமிர்ந்த சுவிற்ச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். போட்டாலும் ஒன்றும் நடக்காது, நிறுத்தினாலும் நடக்காது. கேட்டால் "அது பழைய கதை" என்பார். அந்தக் கதை இதுதான்.

1990இல் போர் திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவதைத் தடை செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள், கார், வான் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த ஆண்டுகளில் இங்கே இருந்தவர்களுக்கு வெள்ளைப் புகையும் அந்த மணமும் மறக்காது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, ஸ்ராட் எடுக்காது. ஆகவே பொன்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கொடுத்து ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பழைய மைனரும் ஒஸ்ரினும் குறைந்த அமுக்க இயந்திரங்கள் என்பதால் முக்கி முனகியாவது ஓடின.

பெரியப்பா பெற்றோல் போத்தலைப் பொனற்றுக்குள் வைக்கவில்லை. "வைச்சா விடியக் காணாமப் போயிடும்." காருக்குள், தட்டில், கொக்கியில் ஒரு சின்னப் போத்தல், அதிலிருந்து ரியூப், நடுவில் ஒரு பித்தளைத் திருகி. திருகியைத் திறந்தால் பெற்றோல் தன் பாரத்தில் இறங்கி ரீயின் வழியாகக் காபரேற்றருக்குப் போகும். அந்த நேரம் பம்பு அடித்தால் மண்ணெண்ணெய் வந்து கலக்கும். அதற்குத்தான் பம்பை நிறுத்துகிற சுவிற்ச். சூடேறியதும் திருகியை மூடி, சுவிற்சைப் போட வேண்டும். திருகியை மூட மறந்தால் பம்பு மண்ணெண்ணெயைப் போத்தலுக்குள் தள்ளி, போத்தல் வழிந்து மடியில் ஊற்றும். அதுவும் ஒருமுறை நடந்ததாம், கலியாண வீட்டுக்குப் போகும் வழியில், பெரியம்மாவின் கூறைச் சீலையில். வீட்டுக்கு வருமுன் ஒழுங்கை முகப்பிலேயே சுவிற்சை நிறுத்திவிடுவார். கிண்ணத்தில் மிச்சமுள்ள மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தால்தான் அடுத்தநாள் பெற்றோல் நேரே போகும். "கணக்குப் பிழைச்சா வாசலில தள்ள வேணும்" என்றார்.

1996இல் பெற்றோல் திரும்பி வந்ததும் போத்தலும் திருகியும் போயின. சுவிற்சின் வயரை நேராக இணைத்துவிட்டார். ரீயைக் கழற்றினால் நடுவில் போடக் குழாய் வேண்டும், அன்று குழாய் இல்லை. ரியூப்பின் வாயில் போல்ட்டைச் செருகினார். தற்காலிகமாகத்தான்.

இருபத்தேழு வருடம் சும்மா இருந்தது ஏன் இப்போது கசிந்தது? என் ஊகம் இது. செப்ரெம்பரில் கராஜில் பம்பைக் கழற்றிப் பூட்டும்போது அந்த ரியூப்பை ஒருபக்கம் வளைத்திருக்கிறார்கள். காய்ந்த றப்பர் இருந்த இருப்பில் இருக்கும்வரை சமாளிக்கும், வளைத்தால் வெடிக்கும். புதுச் சவ்வு போட்ட பம்பு முன்னையதைவிட நன்றாகத் தள்ளும் என்பதும் உண்டு. ஆனால் பெரியம்மா கராஜுக்கு முன்பே காலடியில் மணந்ததாகச் சொல்கிறார். அவர் இதுவரை பிழையாக எதுவும் சொல்லவில்லை என்பதால் என் ஊகத்தை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

நிலத்தில் ஒரு சொட்டும் விழாததற்குக் காரணம் உண்டு. நாற்பது விநாடிக்கொரு டிக் என்பது மிகச் சிறிய அளவு. வெடிப்பில் வியர்த்து, ரியூப்பின் மேலேயே ஆவியாகிவிடும். மிஞ்சியது போல்ட் வழியாக இறங்கிக் கால்மிதிக்கு அடியில் உள்ள சணல் விரிப்பில் ஊறியது. கால்மிதியைத் தூக்கியபோது ஒரு சாண் அகலத்தில் விரிப்பு நிறம் மாறிக் கிடந்தது. அதற்கு ஓர் அடி தள்ளி, பெரியப்பா சுருட்டுச் சாம்பல் தட்டும் இடம்.

ரீயை எடுத்தெறிந்து, பம்பிலிருந்து காபரேற்றர் வரை மூட்டில்லாமல் ஒரே பெற்றோல் ரியூப் போட்டோம், இரு முனையிலும் திருகுக் கிளிப்போடு. சுவரின் ஓட்டையில் வயருக்கு இறுக்கமான புது றப்பர் வளையம். கைவசம் இருந்தால் தண்ணீர் ரியூப்பைப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது, பெற்றோல் பட்டால் சில மாதத்தில் உள்ளே உரிந்து ஊசியை அடைக்கும். சணல் விரிப்பைக் காயப்போட வெயில் இல்லை. மாரி முடியும்வரை அது மாட்டுக்கொட்டிலின் கம்பியில் தொங்கியது. பிறகும் மணந்தபடியால் எறிந்துவிட்டோம்.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரில் பம்பு இயந்திரத்தோடு ஒட்டிய இயக்கப் பம்பாக இருந்தால், இயந்திர எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். அதன் சவ்வு கிழிந்தால் பெற்றோல் எண்ணெய்க்குள் இறங்கும், எண்ணெய் மட்டம் கூடிக்கொண்டு போகும். அந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது.

கார்த்திகைக் கடைசியில் தாங்கி நிறைய அடித்து, யன்னல் எல்லாம் சாத்தி, மழையில் வல்லைவெளியைக் கடந்து நெல்லியடி வரை போய் வந்தோம். பெரியம்மா முன்சீற்றில். திறப்பைத் திருப்பியதும் பம்பு எட்டுத் தரம் அடித்து நின்றது. ஐந்து நிமிடம் காதைக் கொடுத்தேன், பிறகு ஒன்றும் இல்லை. மறுநாள் புது ரியூப்பில் சுற்றியிருந்த ரிஷூவை ஐந்தாம் போத்தலில் போட்டுக் கொடுத்தோம். பெரியம்மா இரண்டுதரம் மணந்துவிட்டு, "ஜாம் மணம்தான் வருது" என்றார்.

சுவிற்சையும் கழற்றிவிட நான் ஸ்குரூட்றைவரை எடுத்தேன். இப்போது அதற்கு வயர்கூட இல்லை. பெரியப்பா என் கையைப் பிடித்து, "உது அப்பிடியே கிடக்கட்டும்" என்றார். பித்தளை ரீயைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய் பிஸ்கற் பேணியில் போட்டார், அந்தக் காலத்துத் திருகியும் அதற்குள்தான் கிடந்தது.